மேசைமேல் ஒரு லெஜியன்: வாசகர் கேள்வி – பதில்

பழங்காலப் போர்களைச் சிற்றுருவப் படைகளைக் கொண்டு மேசைமேல் ஆடுகிறவர்களிடம் ரோமானியப் படைக்கு (அதன் பெரும் படைப்பிரிவுதான் லெஜியன்) எப்போதும் கிராக்கி உண்டு. பிளாஸ்டிக் ரோமானிய வீரர்களை ஒட்டுவது, வண்ணம் பூசுவது, பாதுகாப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

28 மி.மீ. கடின பிளாஸ்டிக் வீரர்கள் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து நேராகப் பெயின்ட் அடிக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

அடிக்கலாம், கொஞ்ச நாளில் உரியும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை சட்டத்தில் மிச்சம் இருக்கக்கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து அலசி, ஓர் இரவு காயவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. பிலம் என்கிற எறியீட்டி நூல் போல மெலிந்தது, வளைந்துவிடும்.

வெட்டும்போது உருவத்தை ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் தோளிலோ முழங்காலிலோ பிளாஸ்டிக் பிய்ந்து பள்ளம் விழும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடும். தலைக்கவசத்தின் உச்சி, கால்களின் பக்கவாட்டு, பிலத்தின் நீளம் முழுவதும் அதைத் தேடுங்கள். கத்தியலகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் போதும், செதுக்க வேண்டாம். இந்த வரப்பு பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்த பிறகும் அவ்வளவாகத் தெரியாது. வாஷ் என்கிற நீர்த்த கருநிறப் பூச்சு ஓடியதும்தான் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். அப்போது வருந்திப் பயனில்லை.

கடின பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பரப்புகளையும் உருக்கி ஒன்றாக்கும். ஃபெவிக்விக்கும் ஒட்டும், ஆனால் அந்த ஒட்டு கண்ணாடி போன்றது; மேசையிலிருந்து விழுந்தால் கை தனியே, ஆள் தனியே. கைகளையும் தலையையும் ஒட்டிவிடுங்கள், கேடயத்தை மட்டும் ஒட்டாதீர்கள். அதை டூத்பிக் நுனியில் தனியாகச் செருகி வைத்து வண்ணம் பூச வேண்டும். முன்னதாகவே ஒட்டிவிட்டால் மார்புக் கவசத்தின் இடப்பாதிக்குப் பிரஷ் எட்டாது. தோளில் இடைவெளி தெரிந்தால் பட்டி வைத்து, ஈரவிரலால் தடவி, காய்ந்த பின் மெல்லிய உப்புத்தாளால் ஓர் இழுப்பு.

1/72 அளவு வீரர்களுக்கு அடித்த பெயின்ட், ஈட்டியைத் தொட்டாலே செதில் செதிலாக வருகிறது. பிரைமரும் அடித்திருந்தேன்.
— வாசகர், திருநெல்வேலி

உங்களுடையது வளையும் பிளாஸ்டிக், அதாவது பாலிஎத்திலீன் வகை. அதன் மேல் எதுவும் உறுதியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் சிமென்ட் அதை உருக்குவதுமில்லை. ஈட்டி வளையும்போது மேலே இருக்கிற பெயின்ட் வளைய மறுப்பதால் உரிகிறது. பெயின்டுக்கு மேலும் கீழும் வளையக்கூடிய ஒரு படலம் இருப்பதுதான் வழி.

சோப்பு நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பின், வெள்ளை ஃபெவிக்காலில் சம அளவு தண்ணீர் கலந்து உருவம் முழுக்க ஒரு மெல்லிய கை பூசுங்கள். முகத்திலும் கவச இடுக்கிலும் தேங்காமல் ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுங்கள். காய்ந்ததும் பிரைமர், பெயின்ட். கடைசியில் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை. இவ்வளவு செய்தும் ஈட்டி முனையில் உரியத்தான் செய்யும். வீரரைத் தொட்டு நகர்த்தாமல் அடித்தட்டைப் பிடித்து நகர்த்திப் பழகுங்கள். வளைந்த ஈட்டியைச் சூடான நீரில் சில நொடி முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் விட்டால் நேராக நிற்கும். இதைப் பெயின்டுக்கு முன் செய்ய வேண்டும்.

ஸ்ப்ரே பிரைமர் அடித்ததும் உருவமெங்கும் ரவை தூவியது போல் சொரசொரப்பு. டப்பாவில் கோளாறா?
— வாசகர், சென்னை

பெரும்பாலும் டப்பாவில் இருக்காது. தூரத்திலிருந்து அடித்தாலோ, கொளுத்தும் வெயிலில் அடித்தாலோ, துளிகள் உருவத்தைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தாலும் பூச்சு கெடும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, உருவத்துக்கு வெளியே பீச்சத் தொடங்கி, உருவத்தைக் கடந்து வெளியே போய் நிறுத்துங்கள். ஒரே மூச்சில் மூடப் பார்க்காமல் மெல்லியதாக இரண்டு மூன்று முறை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஸ்ப்ரேயை ஏறக்கட்டிவிட்டு, பிரஷால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறிவிடுவது நல்லது. மெல்லியதாக இரண்டு கை. அடுத்த வேலைக்கு முன் ஒரு முழு நாள் ஆறப்போடுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும், அன்றைக்கே நகம் பட்டால் தோலாக உரிந்து வரும்.

சொரசொரப்பு லேசானதாக இருந்தால் காய்ந்த டூத்பிரஷால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். போகவில்லையென்றால் பெயின்டை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நீக்கும் முறை கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறது.

பட்டைப் பட்டையாக இருக்கும் இரும்புக் கவசத்தை எப்படிப் பூசுவது? வெள்ளி நிறம் அடித்தால் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருக்கிறது.
— வாசகர், திருச்சி

வெள்ளி நிறம் கடைசியில் ஒரு கோட்டுக்கு மட்டும். அந்தக் கவசத்தை இன்று லோரிகா செக்மென்டாட்டா என்கிறார்கள். அடித்துச் செய்த இரும்புத் தகடு அது. எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் சற்றுக் கருத்தே இருக்கும்.

கறுப்புப் பிரைமர் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். துப்பாக்கி இரும்பு போன்ற கரும் உலோக நிறத்தைப் பழைய தட்டைப் பிரஷில் தொட்டு, டிஷ்யூ தாளில் தடம் விழாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள்; இதுதான் உலர்பிரஷ். பிறகு மேலிருந்து கீழாக, தகடுகளுக்குக் குறுக்கே இழுங்கள். தகடுகள் கிடைமட்டம், உங்கள் இழுப்பு செங்குத்து. அப்போதுதான் விளிம்புகளில் மட்டும் நிறம் ஏறி, இடுக்குகளில் கறுப்பு நிற்கும். தகட்டின் போக்கிலேயே இழுத்தால் இடுக்கு நிரம்பி எல்லாம் ஒரே பலகையாகிவிடும். அடுத்து கரும்பழுப்பு வாஷ். அது நன்றாகக் காய்ந்த பின், தோள்தகடுகளின் மேல்விளிம்பிலும் தலைக்கவசத்தின் உச்சியிலும் மட்டும் வெள்ளிக் கோடு.

பித்தளை இந்தக் கவசத்துக்கு உயிர் கொடுக்கும். தோள்தகடுகளின் கீல், மார்பில் உள்ள கொளுவிகள், இடைவாரின் சதுரத் தகடுகள், தலைக்கவசத்தின் நெற்றி விளிம்பு, கேடயத்தின் ஓரம் எல்லாம் பித்தளை. எல்லாவற்றையும் பூச முனைந்தால் கண் வலிக்கும். கீல், இடைவார், நெற்றி விளிம்பு இந்த மூன்று போதும். பித்தளைப் பெயின்ட் கறுப்பின் மேல் பச்சையடித்துத் தெரியும்; அடியில் கரும்பழுப்பு ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, துணியைப் பூசி முடித்த பிறகு உலோகத்துக்கு வருவது. உலர்பிரஷ் எப்படியும் அக்கம்பக்கம் தூவும், ஆகையால் உலோகம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. இரண்டாவது, உலோகப் பெயின்ட் கழுவிய தண்ணீரிலேயே மற்ற பிரஷையும் கழுவுவது. அந்தப் பொடி தண்ணீரில் மிதந்து அடுத்த பிரஷில் ஏறும், உங்கள் வீரர் முகத்தில் ஜிகினாவோடு போருக்குப் போவார். உலோகத்துக்குத் தனி டம்ளர், தனி பிரஷ்.

வளையக் கவசம் அணிந்தவர்கள் இதைவிடச் சுலபம். கறுப்பின் மேல் கரும் உலோகம், வாஷ், மேலே லேசாக வெள்ளி உலர்பிரஷ், அவ்வளவுதான்.

சட்டை சிவப்பா, வெள்ளையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், டொராண்டோ

இரண்டும் இருந்தன. எந்தக் காலத்தில், எந்தப் படையில், எது மிகுதி என்பதில்தான் சண்டை. திரைப்படங்கள் பழக்கிய "எல்லாரும் ஒரே சிவப்பு" என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எகிப்தில் கிடைத்த கி.பி. 138-ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் (நாணல்தாள்) ஆவணம் ஒன்று, இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவில் இருந்த படைக்காக உள்ளூர் நெசவாளர்களிடம் துணி கேட்கிறது. அதில் வருவது வெள்ளைச் சட்டை. சாயமேற்றாத கம்பளி மலிவு, தந்த நிறத்திலிருந்து வெளிர்பழுப்பு வரை போகும். சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சிட்டி இனத்து வேரில் தோய்ப்பார்கள். அங்கே வளர்ந்தது ரூபியா டிங்க்டோரம். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதன் உறவுக்காரச் செடி. அந்த வேர் தரும் சிவப்பு செங்கல் பக்கம் சாயும். தபால் பெட்டி நிறத்தை மறந்துவிடுங்கள்.

சிவப்பைக் கறுப்புப் பிரைமர் மேல் நேராகப் பூசினால் நாலு கை பூசினாலும் மூடாது, ஏனெனில் பெரும்பாலான சிவப்பு நிறமிகள் ஒளியை ஊடுருவ விடுபவை. முதலில் நடுத்தரப் பழுப்பு ஒரு கை. பிறகு சிவப்பு இரண்டு பங்கு, பழுப்பு ஒரு பங்கு. தண்ணீர் விட்டு மோர் பதத்தில் இரண்டு கை. மடிப்புகளுக்குக் கரும்பழுப்பு வாஷ், கறுப்பு வேண்டாம். கறுப்பு பட்டால் சிவப்பு அழுக்காகத் தெரியும். மேடான இடங்களுக்கு அதே சிவப்பில் தோல் நிறமோ காவியோ சிறிது. வெள்ளையைக் கலந்தால் ரோஸ் ஆகும், பளீர் மஞ்சளைக் கலந்தால் ஆரஞ்சு ஆகும்.

வெள்ளைச் சட்டைக்கு வெள்ளையை முதலில் எடுக்கவே கூடாது. காக்கி கலந்த சாம்பலில் தொடங்கி, மடிப்புப் பள்ளங்களை விட்டுவிட்டுத் தந்த நிறம், கடைசியில் தோள் முனையிலும் மடிப்பு உச்சியிலும் மட்டும் தூய வெள்ளை. வெள்ளைமேல் வாஷை முழுக்க ஓடவிட்டால் டீ கொட்டிய வேட்டி போல் திட்டுத் திட்டாகக் காயும். நுனிப் பிரஷால் பள்ளத்தில் மட்டும் விடுங்கள்.

இன்னொன்று. உடைக்கான பணம் வீரரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. புதுச் சட்டைக்காரரும் மூன்று கோடை வெயிலில் வெளுத்த சட்டைக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருப்பார்கள். எட்டுப் பேருக்கு மூன்று சாயல் கலந்து வையுங்கள், படை சட்டென்று உயிர் பெறும்.

என் படையைப் பார்த்து, "மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள் வீட்டில். படம் இணைத்திருக்கிறேன். தப்பு எங்கே?
— வாசகர், காரைக்குடி

படத்தைப் பார்த்தோம். வீட்டில் சொன்னது சரி. காய்ந்த மிளகாயில்கூடக் கருஞ்சிவப்பு, செம்பழுப்பு என்று சாயல்கள் உண்டு. உங்கள் சட்டை, கேடயம், தலைக்கவசக் குஞ்சம் மூன்றும் ஒரே புட்டியிலிருந்து வந்தவை. கேடயத்தைச் சிவப்பாகவே வைத்துக்கொண்டு சட்டைகளைச் சாயமேற்றாத கம்பளிக்கு மாற்றுங்கள். குஞ்சத்தைச் சாதாரண வீரர்களிடமிருந்து வெட்டிவிடலாம், போரில் அதை எல்லாரும் அணிந்தார்கள் என்று சொல்ல முடியாது. எண்பது பேருக்குத் தலைவரான சென்டூரியனுக்கு மட்டும் விடுங்கள். அவருடையது காதுக்குக் காது குறுக்காக நிற்கும். அவருக்கு வாள் இடப்பக்கம், மற்ற வீரர்களுக்கு வலப்பக்கம் என்பதையும் ஒட்டும்போது கவனியுங்கள்.

என் படை இரண்டாம் அகஸ்டா லெஜியன். கேடயத்தில் எந்தச் சின்னம் வரைவது? வளைந்த கேடயத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் சுருங்குகிறது.
— வாசகர், லண்டன்

இரண்டாம் அகஸ்டாவின் சின்னம் மகரம், அதாவது ஆட்டுத் தலையும் மீன் வாலும். இருபதாம் வலேரியா விக்ட்ரிக்ஸுக்குக் காட்டுப்பன்றி. இவை கல்வெட்டுகளிலும் நாணயங்களிலும் வருகிறவை. கேடயத்திலும் அதையே வரைந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ரோம் நகரின் டிராஜன் தூணில், அது கி.பி. 113-இல் எழுப்பப்பட்டது, லெஜியன் வீரர் கேடயங்களில் காண்பது இறக்கைகளும் இடிமின்னலும். அங்கே செதுக்கல் உண்டு, வண்ணம் மிஞ்சவில்லை. வண்ணத்தோடு பிழைத்த நீள்சதுர ஸ்கூட்டம் (லெஜியன் வீரர் கேடயம்) சிரியாவின் துரா யூரோபோஸில் கிடைத்தது, இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவப்புத் தளத்தில் கழுகும் சிங்கமும் வெற்றித் தேவதைகளும். ஆனால் அது 3-ஆம் நூற்றாண்டுக் கேடயம், உங்கள் படைக்குப் பேரன் காலத்தையும் தாண்டியது.

ஒரு படைப்பிரிவுக்கு ஒரே கேடய ஓவியம் என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது. கி.பி. 69-இல் இத்தாலியின் கிரெமோனாவில் ரோமானியரும் ரோமானியரும் மோதியபோது, இரண்டு வீரர்கள் விழுந்துகிடந்த எதிரிகளின் கேடயங்களை எடுத்துப் பிடித்து, அடையாளம் தெரியாமல் உள்ளே புகுந்து, பெரிய கல்லெறி பொறியின் கயிறுகளை அறுத்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கேடயத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் இருந்தால்தானே அந்த வேஷம் செல்லும்! லெஜியனின் உட்பிரிவான கோஹார்ட்டுக்குக் கோஹார்ட் கேடயக் குறி வேறுபட்டது என்று பிற்காலத்துப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் சொல்கிறார். ஆகவே ஓர் அலகுக்குள் ஒரே படம். அலகுக்கு அலகு நிறத்தை மாற்றலாம். ஆட்டத்தில் எந்த அலகு எது என்று கண்டுபிடிக்கவும் இது உதவும்.

இனி ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் வகை என்று எடுத்துக்கொள்கிறோம். மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தது போல் தெரியும். ஆகையால் கேடயத்துக்கு முதலில் பளபள வார்னிஷ் ஒரு கை. படத்தை விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். கேடயக் குமிழ் வரும் நடுப்பகுதியில் துளை போட்டு, துளையிலிருந்து நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கீறல் விடுங்கள். இதைச் செய்யாததால்தான் உங்களுக்குச் சுருங்குகிறது. 20, 30 நொடி ஊறியதும் நழுவவிட்டு, இடத்தில் அமர்த்தி, ஈரப் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். பிறகு ஸ்டிக்கரை இளக்கும் திரவம் ஒரு பிரஷ். அது பட்டதும் படம் இன்னும் மோசமாகச் சுருங்கும். பதறி விரல் வைத்தால் கிழியும். அப்படியே விட்டுவிடுங்கள், காயக் காயத் தானே இறங்கி வளைவில் படியும். தேவைப்பட்டால் இரண்டாம் முறை. கடைசியில் ஓரத்துப் பித்தளை, அதன் உள்பக்கம் மெல்லிய பழுப்பு வாஷ், ஸ்டிக்கர் உறுத்தலாகத் தெரியாது.

கையால் வரைகிறவர்கள் குமிழைச் சுற்றி நான்கு மின்னல் கோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் காவி, அதன்மேல் மெல்லிய மஞ்சள். கோடு தடித்துப்போனால் மஞ்சளைத் திருத்தாதீர்கள், தள நிறத்தை எடுத்து இரண்டு பக்கமும் செதுக்கிக்கொண்டு வாருங்கள். கேடயத்தின் பின்புறத்துக்கு வெறும் மர நிறம் போதும்.

ஜூலியஸ் சீசரின் கோல் (இன்றைய பிரான்ஸ் பகுதி) போர்களை ஆட விரும்புகிறேன். தகட்டுக் கவச வீரர்கள் என்னிடம் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒப்பேற்றலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

நண்பர்களோடு ஆட ஒப்பேற்றலாம். காலப்படி பார்த்தால் பொருந்தாது. சீசர் கோலில் இருந்தது கி.மு. 58 முதல் 50 வரை. தகட்டுக் கவசத்தின் மிகப் பழைய துண்டுகள் அகஸ்டஸ் காலத்து ஜெர்மானிய முகாம்களிலிருந்தே கிடைக்கின்றன. ஜெர்மனியின் கால்க்ரீஸில் 2018-இல் கண்டெடுத்த ஏறக்குறைய முழுமையான கவசம் கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாரஸின் படைகள் அழிந்ததோடு தொடர்புடையது. பெட்டிப் படங்களில் நாம் பார்க்கும் வடிவத்தின் பெரும்பகுதி, இங்கிலாந்தின் கோர்பிரிட்ஜில் 1964-இல் கிடைத்த புதையலை வைத்து மீட்டமைத்தது. சீசரின் ஆட்களுக்கு வளையக் கவசமும், ஓரம் உருண்டு நீண்ட கேடயமும் வேண்டும். குடியரசுக் காலப் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். கையில் இருக்கும் நாற்பது பேரைக் கொண்டு கி.பி. 43-இல் பிரிட்டன் மீது நடந்த படையெடுப்பை ஆடலாமே.

கண் வரைந்தால் எல்லாரும் பேய் பார்த்தவர்கள் போல் முழிக்கிறார்கள்.
— வாசகர், சேலம்

வரையாதீர்கள். நெற்றிக் கவசத்தின் நிழலில் கண் இருக்கும் இடம் பழுப்பு வாஷ் தேங்கிய ஒரு பள்ளமாக இருந்தாலே மூன்றடி தூரத்தில் கண்ணாகத் தெரியும். அந்த உழைப்பை மூக்கு, கன்ன எலும்பு, கீழுதடு மூன்றிலும் வெளிர்நிறப் பொட்டு வைப்பதில் செலவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே ரோஸ் நிறத் தோலும் வேண்டாம். ஸ்பெயின், கோல், வட ஆப்பிரிக்கா, சிரியா என்று பல இடத்து ஆட்கள் அந்தப் படையில் இருந்தார்கள். பிரிட்டனின் ஹேட்ரியன் சுவர்க் காவலில் சிரியாவின் ஹமா நகரத்து வில்லாளிகள் இருந்தார்கள்.

எண்பது பேரைப் பூச வேண்டும். பத்தாவது ஆளிலேயே அலுத்துவிட்டது.
— வாசகர், பெங்களூரு

ஒருவரை முடித்து அடுத்தவருக்குப் போனால் யாருக்கும் அலுக்கும். ரோமானியர்களே வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒரே கூடாரத்தில் தங்குவோர் எட்டுப் பேர், அப்படிப் பத்துக் கூடாரம் ஒரு செஞ்சுரி. நீங்களும் எட்டெட்டாக எடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியில் நான்கு பேரை, பிரஷ் நுழையும்படி இடைவெளி விட்டு ஒட்டினால் இரண்டு குச்சியில் ஒரு கூடாரம். ஒரு நிறத்தை எடுத்தால் எட்டுப் பேருக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த புட்டி. எட்டாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். எட்டைவிடப் பெரிய கூட்டமாக எடுத்தால் ஒரு நிறத்துக்கே மாலைப்பொழுது போய்விடும், முடிந்த வீரர் ஒருவரையும் பார்க்காமல் மனம் சோரும்.

நம்முடைய வரிசை இது: உலோகம், உடல் தோல், சட்டை, வார்களும் செருப்பும், வாஷ், மேட்டு வெளிச்சம் (மேடான இடங்களில் வெளிர்நிறம்), பித்தளை, கடைசியில் கேடயம். பின்வரிசைக்காரர்களுக்கு மேட்டு வெளிச்சத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். ஆடுபவர் கண்ணில் படுவது தலை, தோள், முன்வரிசைக் கேடயம். பின்வரிசை வீரரின் முழங்காலை இதுவரை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

நான்கு பேரை ஒரே தட்டில் ஒட்டப் பார்த்தால் ஈட்டியும் கேடயமும் இடிக்கின்றன.
— வாசகர், சிங்கப்பூர்

பூசி முடித்த பிறகு கண்டுபிடித்தீர்கள், அதுதான் சிக்கல். பல விதிநூல்களில் 28 மி.மீ. காலாட்படைக்குத் தட்டின் முகப்பு 60 மி.மீ., அதில் நான்கு பேர். ஒருவருக்கு 15 மி.மீ.தான். பிலத்தை ஓங்கி எறிபவர் இருவர் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஒட்டும் கட்டத்திலேயே நால்வரையும் ஒட்டுக்களிமண்ணில் நிறுத்திப் பார்த்து, எறிபவர்களை முன்வரிசை ஓரத்துக்கும், ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தவர்களை நடுவுக்கும் பிரித்துவிடுங்கள். கேடயங்களைச் சற்று முன்பின்னாக வைத்தால் இடம் கிடைக்கும். உடைந்த பிலத்துக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி வைப்பதானால், 28 மி.மீ. உருவத்துக்கு 36 மி.மீ. நீளம் வெட்டுங்கள், உண்மைப் பிலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் என்ற கணக்கு.

தரைக்கு ஃபெவிக்காலும் சலித்த மணலும் தோசை மாவுப் பதத்தில் கலந்து பாதங்களின் விளிம்பை மூடும்வரை தடவுங்கள். காய்ந்ததும் கரும்பழுப்பு, அதன்மேல் மணல் நிற உலர்பிரஷ், அங்கங்கே செயற்கைப் புல்.

முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்களை ரோமானியப் பொம்மைகளைக் கொண்டு செய்யலாமா?
— வாசகர், மதுரை

நல்ல யோசனை, ஆனால் தகட்டுக் கவசத்தை எடுக்காதீர்கள். அந்தப் பாட்டு சொல்வது மெய்ப்பை என்கிற சட்டையும், இடையில் சுற்றிய மத்திகை என்கிற சவுக்கும், அச்சமூட்டும் உடற்கட்டும்தான். யவனர் என்ற சொல்லும் ரோமானியரை மட்டும் குறிப்பதல்ல, கிரேக்கர் உள்ளிட்ட மேற்கத்தியர் பலரும் அதில் அடக்கம். கவசமில்லாத சட்டைக்காரர்கள் உள்ள துணைப்படை அல்லது மாலுமிப் பெட்டியிலிருந்து உடல்களை எடுங்கள். கேடயம் வேண்டாம். சவுக்குக்குப் பழைய இயர்போன் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி இரண்டை முறுக்கி, இடையில் ஒரு சுற்றுச் சுற்றி ஃபெவிக்விக்கால் பிடிக்கவைக்கலாம்.

கெட்டியாகப் பெயின்ட் அடித்து முகமே மறைந்துவிட்டது. தின்னரில் போடலாமா?
— வாசகர், ஈரோடு

தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் கடின பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அக்ரிலிக் பெயின்ட் என்றால் டெட்டால் போதும். தண்ணீர் கலக்காத டெட்டாலில் மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒரு நாள் ஊறட்டும். கையுறை போட்டுக்கொண்டு, டெட்டாலிலேயே தோய்த்த டூத்பிரஷால் தேய்த்தெடுங்கள். பெயின்ட் முழுக்கப் போகும்வரை தண்ணீர் படக் கூடாது. பட்டால் இளகிய பெயின்ட் பிசினாக மாறி இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். எல்லாம் வந்த பிறகு, கடைசியாக ஒருமுறை புது டெட்டாலில் அலசி, அதன் பின்னரே சோப்பும் தண்ணீரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வீடே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும்.

மங்கல் வார்னிஷ் அடித்ததும் படை முழுக்கப் பனி மூடியது போல் வெளுத்துவிட்டது!
— வாசகர், நாகப்பட்டினம்

காற்றின் ஈரம் செய்த வேலை, அல்லது ஒரே இடத்தில் கெட்டியாக அடித்திருப்பீர்கள். பெயின்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிரஷால் பளபள வார்னிஷ் ஒரு கை பூசிப் பாருங்கள், பெரும்பாலும் வெளுப்பு மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பின், ஈரம் குறைந்த ஒரு நாளில் மெல்லியதாக மங்கல் வார்னிஷ். அடுத்த முறை பழைய பொம்மை ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டுப் படையைத் தொடுங்கள். மங்கல் வார்னிஷ் உலோகத்தின் ஒளியையும் தின்றுவிடும் என்பதால், தலைக்கவச உச்சியில் மட்டும் மறுபடி ஒரு வெள்ளிக் கோடு.

பஸ்ஸில் எடுத்துப் போனால் பாதி ஈட்டி உடைந்துவிடுகிறது.
— வாசகர், வேலூர்

பஞ்சில் பொதிந்து எடுத்துப் போகிறீர்கள் என்று நினைக்கிறோம். பஞ்சு நாரில்தான் ஈட்டி சிக்கி உடையும். ஒவ்வொரு தட்டின் அடியிலும் 5 மி.மீ. வட்டக் காந்தம் இரண்டு ஒட்டி, தகர பிஸ்கட் டப்பாவில் நிறுத்தி வையுங்கள். காந்தம் ஒட்டாத அலுமினிய டப்பாவும் உண்டு, கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன், நிமிர்ந்த ஈட்டி முனைக்கு மேல் அரை விரல் இடமாவது மிச்சம் இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.